மாமனார் துப்பாக்கியின் குறைகள்

அப்பாத்துரை சபதம் போட்ட இடம் சுடுகாடு. அங்கே நின்று எதையும் சொல்லியிருக்கக் கூடாது.

சங்கிலிபூதத்தானின் சிதையில் தீ ஏறியபோது கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். அப்பாத்துரை தொண்டையைச் செருமினார். செருமலோடு வார்த்தையும் வெளியே வந்துவிட்டது.

"அந்தப் பன்னிய என் கையால சுடாம விடமாட்டேன், ஆமா!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வெட்டியான்கூடக் கம்பை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அப்பாத்துரை ஆற்றில் முழுகி எழுந்து வீடு சேருமுன் செய்தி ஸ்ரீவைகுண்டம் முழுக்கச் சுற்றிவிட்டு அவர் மனைவி லில்லியிடம் வந்து சேர்ந்திருந்தது.

"சுடப் போறியளாம்லா?" என்று துண்டை நீட்டினாள்.

"சொன்னேன்."

"நல்லது."

செத்தவன் வாழைக்குக் காவல் போனவன். அப்பாத்துரையின் வாழை. வழக்கமாக அவரேதான் துப்பாக்கியோடு போவார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் பன்றிக் கூட்டம் கலைந்துவிடும். அன்றைக்கு அவருக்குத் தடிமன், ஒரே தும்மல். சங்கிலியின் கையில் டார்ச்சையும் தட்டுவதற்கு ஒரு தகர டின்னையும் கொடுத்து அனுப்பினார். டின் சத்தத்துக்குக் கூட்டம் ஓடியது. ஒரு தனிக் கிடாப் பன்றி மட்டும் ஓடவில்லை. காலையில் டின் வரப்பில் கிடந்தது. ஆள் வாய்க்காலில் கிடந்தான்.

அந்தத் தடிமன், கடைசி ஓவர்வரை கிரிக்கெட் பார்த்த தடிமன் என்பது லில்லிக்குத் தெரியும். அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அப்பாத்துரைக்குக் கலக்கமாக இருந்தது.

ஆளைக் கொன்ற விலங்கு என்பதால் அதைச் சுட வனத்துறை எழுத்தில் அனுமதி கொடுத்தது. அக்கம்பக்கத்தில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாழைமண்டி எஸ்றா. அவருடையது புத்தம்புது ரைபிள். இன்னொருவர் அப்பாத்துரை. அவருடையது லில்லியின் அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல். மாமனார் பாளையங்கோட்டையில் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் போன நாளைவிட வேட்டைக்குப் போன நாள் அதிகம். அவர் போனபின் உரிமம் மருமகன் பேருக்கு வந்தது. தைரியத்தை அப்படி மாற்றித்தர எந்த அலுவலகத்திலும் வழியில்லை.

சங்கிலியின் பெண்சாதி ஆறுமுகத்தாய் தினமும் காலையில் வந்து புறவாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி எப்பம்க்கா போறாவ? வாழைக்குள்ள கால வைக்கவே முடியல. வைக்காட்டா அடுப்பு எரியாது."

உள்ளே அப்பாத்துரை காதைப் பொத்திக்கொண்டார். பொத்திய காதுக்குள் யோசனை பிறந்தது. குற்றத்தைத் துப்பாக்கி மேல் போட்டுவிடலாம். அதற்கு வாயில்லை.

"லில்லி, உங்கப்பா துப்பாக்கி சரியில்லட்டி."

"அப்பா இருந்த வரைக்கும் பன்னி விழுந்துச்சே."

"அது அந்தக் காலத்துப் பன்னி. பைய நடக்கும்."

"துப்பாக்கிக்கு என்ன கேடு?"

"ஒரு குழல் இடது பக்கம் இழுக்குது. இன்னொண்ணு சமயத்துல வெடிக்குது, சமயத்துல யோசிக்குது."

"உங்க கூடயே கிடந்துச்சுல்லா."

"விளையாடாத. எட்டத்துல நின்னு சுட்டா வைக்கோல்படப்பு மேலகூடப் படாது. மூஞ்சிக்கு நேர கொண்டு வச்சாத்தான் உண்டு."

"மூஞ்சிக்கு நேரயா?"

"மூஞ்சிக்கு நேர! எஸ்றா துப்பாக்கியப் பாரு. தூரக்கண்ணாடி வச்சது. ஆத்துக்கு அக்கரையில நிக்கிற கொக்கு எந்தக் கண்ண மூடியிருக்குன்னு தெரியும். குறி வச்சா தப்பாது."

"அப்ப எஸ்றா அண்ணன் சுடட்டும்ங்கிய?"

"நான் சொல்லலட்டி. துப்பாக்கி சொல்லுது."

"நீங்க சொல்லுதது சரிதான்" என்றாள் லில்லி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவர் கேட்டிராத வாக்கியம். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்கு ஓடினார்.

எஸ்றா வாழைத்தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"என்ன வே, சபதம் போட்டது நீரு. சுடுதது நானா?"

"எவன் கையால செத்தா என்ன வே? உம்ம புது ரைபிள் இருக்க, என் ஓட்டக்குழல் முன்னால போனா அந்த ரைபிளுக்கு மரியாதையா?"

எஸ்றா குச்சியைக் காதிலிருந்து எடுத்தார். "அதுவும் சரிதான். அப்ப நீரு என்ன செய்வீரு?"

"நான் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுதேன்."

அன்றிரவு அப்பாத்துரை நிம்மதியாகத் தூங்கினார். லில்லி போன் பேசிக்கொண்டிருந்தது கனவில் கேட்பதுபோல் கேட்டது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் கூடத்தில் எஸ்றாவும் வனக்காப்பாளரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் ஆறுமுகத்தாய். லில்லி காப்பியோடு திட்டத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

கிடா பகலில் வாழைக்குப் பின்னால் முள்ளடர்ந்த உடங்காட்டில் படுத்திருக்கிறது. எஸ்றா பம்புசெட் மாடியில் ரைபிளோடு உட்காருவார். புது ரைபிள், எட்டத்திலிருந்தே அடிக்கும். ஆனால் பன்றியை வெளியே கிளப்ப யாராவது உள்ளே போக வேண்டும்.

"அதுக்கென்ன, ஒரு ஆள அனுப்புவோம்" என்றார் அப்பாத்துரை.

ஆறுமுகத்தாய் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவர் காப்பியைப் பார்த்தார்.

"ஆளெல்லாம் வேண்டாம் சார்" என்றாள் லில்லி, வனக்காப்பாளரிடம். "எங்க வீட்டுத் துப்பாக்கி எட்டத்துக்கு ஆகாதாம். மூஞ்சிக்கு நேர கொண்டு வச்சாத்தான் சுடுமாம். இவியளே சொன்னாவ. அப்ப உடங்காட்டுக்குள்ள போகுததுக்கு அதுதான தோது?"

"ரொம்பத் தோதும்மா" என்றார் வனக்காப்பாளர்.

"பன்னிய இங்கன தள்ளிவிடும் வே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் எஸ்றா.

"ஏட்டி, எனக்குத் தடிமன்..."

"அண்ணாச்சி போறாவளா?" என்று ஆறுமுகத்தாய் கேட்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி மாதிரி இருப்பிய அண்ணாச்சி."

சாமி என்று கும்பிட்டபின் தும்ம முடியாது. வனக்காப்பாளர் பின்னாலேயே வருவதாக வாக்குக் கொடுத்தார். எவ்வளவு பின்னால் என்று சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் லில்லி துப்பாக்கியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். தோட்டாக்களைச் சட்டைப்பையில் போட்டாள்.

"என்னயக் கொல்லவா பாக்க?"

"சங்கிலி கையில டின்னுதான் இருந்துச்சு. உங்க கையில துப்பாக்கி இருக்கு."

செருப்பை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"ஒரு குழல் வெடிக்கலன்னா?"

"இன்னொரு குழல் இருக்குல்லா."

"அதுவும் யோசிச்சுதுன்னா?"

"அதுக்குள்ள எஸ்றா அண்ணன் சுட்ருவாவ."

"பன்னி என் மேல கிடக்கும்போதா?"

லில்லி அவர் சட்டைக் காலரை மடித்துச் சரிசெய்தாள்.

"அப்பத்தான் அது ஓரிடத்துல நிக்கும். பயப்படாதிய, புதுத் துப்பாக்கி குறி தப்பாதுன்னு நீங்கதான சொன்னிய."