எழுந்திருக்க மறுத்த பிணங்கள்

உலகத்தில் முழு விடுதலை பெற்ற ஒரே மனிதர், எங்கள் பாலைவன நகரான வர்ஸாஸாத்தின் பேய்ப்பட இயக்குநர் இத்தர் அவர்கள்தான். நாடுகள் போராடிப் பெற்ற சுதந்திரமெல்லாம் அரைகுறை. இத்தரோ தயாரிப்பாளர்களிடமிருந்து விடுபட்டவர். நட்சத்திரங்களிடமிருந்தும் விநியோகஸ்தர்களிடமிருந்தும் விடுபட்டவர். இரண்டே படங்களில் ரசிகர்களிடமிருந்தும் பூரண விடுதலை அடைந்துவிட்டார். 'சுதந்திர திகில் இயக்குநர்' என்று அவர் தம் அட்டையில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்ததில் தவறேதும் இல்லை.

முதல் படம் 'கிணற்றடி மணப்பெண்'. நகரக் கலாச்சார மன்றத்தில் திரையிட்டபோது பதினொரு பேர் வந்தார்கள். அது ஆகஸ்ட் மாதம், மன்றத்தில் மின்விசிறி உண்டு. இரண்டாவது படத்தில், பேருந்து நிலையத்தில் கொண்டைக்கடலை அவித்து விற்கும் முபாரக் ஜின்னாக நடித்தார். சுவரைப் பிளந்துகொண்டு, கண்கள் வெளுத்து, ஜின் வெளிப்பட்ட அந்த உறையவைக்கும் கணத்தில் மூன்று வரிசைகள் ஒன்றாகக் குரல் கொடுத்தன: "முபாரக்கு! முழங்கால் வலி எப்படிப்பா இருக்கு?" பார்வையாளர் நடுவே உட்கார்ந்திருந்த ஜின் எழுந்து, மார்பில் கை வைத்து, "இறைவன் புண்ணியத்துல தேவலை" என்று பதில் சொன்னது. மரியாதை தெரிந்த ஜின்.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது மனைவி தூதா பேச்சை எடுத்தாள்.

"இந்தா பாரு இத்தர். இதுவரைக்கும் உன் படத்துக்குப் பயந்தது ஒரே ஒரு ஆடு. அதுவும் விளக்குச் சூட்டுக்கு."

"கலைக்குக் காலம் வேணும், தூதா."

"எனக்கும் பொறுமை வேணும், அது தீர்ந்துபோச்சு. மூணாவது படம் எடு, வேண்டாங்கல. ஒரே ஒரு மனுசனாவது நெசமா பயந்துட்டான்னா, நான் வாயையே திறக்க மாட்டேன். யாரும் பயப்படலேன்னா, மறுநா காலைல ப்ரூக் சினிமாக் கம்பெனி பஸ்ல ஏறிடு. பிண மேஸ்திரி வேலை காலியா இருக்காம்."

இத்தர் வாயில் வைத்த பூசணித் துண்டு உள்ளே போக மறுத்தது. பிண மேஸ்திரி என்றால் கொளுத்தும் வெயிலில் ஒலிபெருக்கியோடு நின்று, செத்தவர்கள் ஆடாமல் அசையாமல் செத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்பவர். சுதந்திரத்துக்கு அதைவிடக் கேவலமான முடிவு வேண்டுமா?

இந்த இடத்தில் திரு. ப்ரூக் அவர்களின் பெருமையைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். கடல் கடந்து, வருடம் தவறாமல், ஏதாவதொரு பழங்காலப் போரை மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து படமெடுக்கும் கொடைவள்ளல் அவர். வேலையில்லாமல் கிடந்த ஊருக்குச் சாவு கொடுத்து வாழவைத்தவர். "ஹம்மு இருக்காரா?" என்று போய்க் கதவைத் தட்டினால், "வியாழக்கிழமை வரைக்கும் சாகப் போயிருக்காரு" என்று வீட்டம்மா சொல்லுவாள். இந்தத் தொழிலிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. குதிரையிலிருந்து விழுந்து சாகிற வீட்டார், சும்மா படுத்துச் சாகிற வீட்டில் பெண் எடுப்பதில்லை. எல்லாருக்கும் மேலே ஹம்மு. வாளால், அம்பால், கொதிக்கும் எண்ணெயால் என்று மொத்தம் அறுபத்தொரு முறை செத்தவர். யானை மிதித்துச் சாகும் பாக்கியம் அவர் ஒருவருக்கே வாய்த்தது. பெண்களில் இஸ்ஸா. ஊர் எரிகிற காட்சி என்றால் அவள் உள்ளே இருந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் பிணத்துக்கா பஞ்சம்? இத்தர் தொடையில் தட்டிக்கொண்டார். படத்தின் பெயர் 'மையவாடி எழுகிறது'. கல்லறைகள் திறக்க, நூற்றிருபது பிணங்கள் எழுந்து ஊரை நோக்கி நடக்கும். யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்?

கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, ப்ரூக் விட்டுப்போன அட்டைக் கோட்டைக்கு முன்னால் நூற்றிருபது பேரும் வந்து சேர்ந்தார்கள். நம்ம ஊர்ப் பையன் கூப்பிட்டால் சாகாமல் இருக்க முடியுமா?

"எல்லாரும் படுங்க!" என்றார் இத்தர்.

படுத்தார்கள். ஆஹா, அதுவல்லவோ சாவு! ஒருவர் கை வானத்தைப் பிடிக்கப் பார்த்து நின்றது. ஒருவர் கண்ணில் ஈ உட்கார்ந்தது, இமை அசையவில்லை. இத்தருக்கே கண் கலங்கிவிட்டது.

"ஆக்‌ஷன்! இப்ப எழுந்திரிங்க!"

ஒருவரும் எழவில்லை.

"ஹம்மு அண்ணே, எழுந்திரிங்கன்னேன்."

"முடியாது தம்பி" என்றார் ஹம்மு, உதடு அசையாமல்.

"ஏன்? உடம்புக்கு என்ன?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி செத்துக் கிடக்கேன். நாப்பது வருசமா ஒண்ணுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. அசைஞ்சவனுக்குச் சோறு கிடையாது, எழுந்தவனுக்கு வேலை கிடையாது."

"நான் டைரக்டர் சொல்றேன், எழுந்திரிங்க!"

"இப்படித்தான் ஒரு டைரக்டர் சொன்னாரு, கஷ்டமா இருந்தா எழுந்துக்கங்கன்னு. என் மச்சான் நம்பி எழுந்தான். இன்னைக்கு அவன் சந்தையில வெங்காயம் விக்கிறான்."

நூற்றிருபது பிணங்களும் அந்த மச்சானை நினைத்து இன்னும் கொஞ்சம் இறுகின.

இத்தர் சோர்ந்துவிடவில்லை. "சாப்பாடு!" என்று கத்திப் பார்த்தார். எழுந்தார்கள். ஆனால் தலைமுடியைக் கோதிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, தட்டோடு வரிசையில் நின்றார்கள். அடுத்த முறை, வாக்குறுதிகள் தந்து, சத்தியம் செய்து, ஒருவழியாக எழுப்பி நடக்கவைத்தார். எதிரே கதாநாயகனான நாவிதர் லஹ்சன் தற்காப்புக்குக் கம்பைத் தூக்கினார். கம்பு யார்மேலும் படுமுன் நூற்றிருபது பேரும் அலறி விழுந்து செத்தார்கள். ஏழாவது முறை லஹ்சன் தும்மினார். முன்வரிசை முழுவதும் காலி.

"என்னய்யா இது, நான் தும்மத்தானே செஞ்சேன்!" என்றார் லஹ்சன் பரிதாபமாக.

மாலை நான்கு மணி ஆயிற்று. காற்று கிளம்பி, அட்டைக் கோட்டையின் ஒரு பக்கம் தடதடத்தது. நூற்றிருபது பேரும் செத்தபடியே கிடந்தார்கள். இத்தருக்கு எல்லாம் முடிந்துபோனது தெரிந்தது. மேஸ்திரியின் ஒலிபெருக்கி கையில் வந்துவிட்டதுபோலவே இருந்தது. வந்தவர்களை மரியாதையாக அனுப்பிவைப்போம் என்று நோட்டைத் திறந்து, நன்றி சொல்வதற்காக ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"ஹம்மு, சயீதின் மகன்."

ஹம்மு கண்ணைத் திறந்தார். "யாரு கூப்பிட்டது?"

"நான்தான் அண்ணே."

அந்த மண்ணில் அவரை 'ஏ நீலத் தலைப்பா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள், 'பதினேழு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. ஹம்மு கையை ஊன்றினார். கால் மரத்துப்போயிருந்ததால் மெதுவாகத்தான் எழ முடிந்தது. எழுந்து, துணை நடிகன் கனவிலும் செய்யக்கூடாத பாவத்தைச் செய்தார். கேமராவை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்தபடியே நடந்து வந்தார். கேமராவை அணைக்க மறந்திருந்தார்கள்.

இத்தர் நோட்டில் அடுத்த வரிக்குப் போனார். "இஸ்ஸா, மோஹாவின் மகள்" என்றார். இஸ்ஸா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கேட்டதற்குப் புழுதி என்றாள். நூற்றிருபது பெயர்களையும் படித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. தங்கள் பெயர் வரும்வரை ஒருவரும் அசையவில்லை.

கேமராவில் பதிந்த அந்த நாற்பது நிமிடமே படமாயிற்று; அடுத்த மாதம் கலாச்சார மன்றத்தில் திரையிடல். சிறப்பு விருந்தினர், வேறு யார், திரு. ப்ரூக். வாசலில் பேரீச்சம்பழமும் பாலும் கொடுத்து வரவேற்று, முன்வரிசையில் இத்தரின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பின்னால் தூதா உட்கார்ந்து, பயந்தவர்களை எண்ணத் தயாராக இருந்தாள்.

மையவாடி எழுந்தது. மன்றமும் எழுந்தது, குதூகலத்தில். "டேய், நம்ம ஹம்முடா!" "இஸ்ஸாக்கா, உடுப்பு புதுசா?" சீழ்க்கை பறந்தது. குழந்தைகள் தாத்தாக்களுக்குக் கையாட்டின. பயந்தவர் எண்ணிக்கை பூஜ்யம். விடிந்தால் பஸ்.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை இத்தரின் முழங்கையைப் பிடித்தது. ஜில்லென்றிருந்தது.

"அந்த நீலத் தலைப்பா யாரு?" என்றார் ப்ரூக்.

"ஹம்மு சார். நீங்க பதினோரு தடவை கொன்னிருக்கீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லியே. அந்தம்மா?"

"இஸ்ஸா. வீட்டோட வச்சு எரிச்சீங்களே, ரெண்டாவது படத்துல."

"எல்லாரும் எங்க போறாங்க?"

"கேமராகிட்ட சார்."

"கேமரா எங்க இருக்கு?"

"நீங்க உக்காந்திருக்கிற இடத்துல."

திரையில் நூற்றிருபது முகங்கள் அவரைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தன. பால் கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. கடல் கடந்து வந்த கொடைவள்ளல் தொப்பியை விட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறக்குறைய ஓடினார்.

"ஒண்ணு" என்றாள் தூதா பின்னாலிருந்து. "சரி, ஜெயிச்சுட்ட. ஊரே சிரிக்குது, அந்தாளுக்கு மட்டும் என்னவாம்?" வாயைத் திறக்க மாட்டேன் என்ற சத்தியத்தை அடுத்த ஒன்பது நிமிடங்களுக்குக் கடைப்பிடித்தாள். இத்தர் இன்றுவரை பஸ் ஏறவில்லை.

ப்ரூக் அவர்களும் எங்களைக் கைவிட்டுவிடவில்லை. மறு வாரமே, பெருங்கருணையோடு, புது ஒப்பந்தம் அனுப்பினார். பழைய விதிகளோடு ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தது: 'படப்பிடிப்புத் தளத்தில் இறந்தவர்களுக்குப் பெயர் கிடையாது.' சீசன் தொடங்கிவிட்டது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். நாங்கள் நூற்றிருபது பேரும் வரிசையில் நின்று, அந்த வரிக்கு நேர் கீழே, தகப்பன் பெயரோடு எங்கள் முழுப் பெயரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.