வதனபுரியின் கதவுகள்

வதனபுரி என்றொரு தேசம் இருந்தது. நெற்றி, கன்னம், தாடை என்று அதற்கு மூன்று மாகாணங்கள். மூன்றின் சாலைகளும் ஒரே கோட்டைவாசலில் வந்து கூடும். அதைத் தாண்டினால் தலைநகரம்.

அந்த வாசலைப் பார்த்தவர்கள் மலைத்துப்போனார்கள். எண்ணி மாளாத சின்னஞ்சிறு கதவுகள். ஒவ்வொன்றும் தனக்குப் பொருந்தும் சாவியோடு வரும் தூதனுக்கு மட்டுமே திறந்தது. சில கதவுகள் வலிச் செய்தியை உள்ளே விட்டன. வேறு சில, ஓடிவரும் தூதர்களை நிதானப்படுத்தி, செய்தியை அதன் அளவுக்குள் நிறுத்தின. தென்றலைத் தென்றலாகவும் தீயைத் தீயாகவும் அரண்மனை அறிந்தது அவற்றால்தான். வாசலின் காவல்தலைவி கோதையாழி தினமும் ஒரு கணம் அண்ணாந்து வியந்துவிட்டே வேலையைத் தொடங்குவாள்.

ஒருநாள் தாடையில் முள் தைத்த செய்தி வந்தது. மன்னர் நகைமாறன் அஞ்சினார். இன்று முள் என்றால் நாளை வாள் வராதா? முதல் ஆணை பிறந்தது: வலிக் கதவுகளைப் பெருக்குக; நிதானக் கதவுகளைப் பூட்டுக.

அதன்பின் கன்னத்தில் காற்று வீசினாலும் தலைநகருக்கு அது வாள்வீச்சாக வந்து சேர்ந்தது. படை விரைந்தது. முகம் கழுவியவர்களும் மென்று தின்றவர்களும் கலகக்காரர்களாகக் கைதானார்கள். அலறல் கேட்டுக் கேட்டு மன்னருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் ஆணை வந்தது: வலிக் கதவுகள் அனைத்தையும் செங்கல் வைத்து அடைத்துவிடுக.

நாடு அமைதியானது. அந்த அமைதியில் தாடை மாகாணம் தீப்பற்றியது.

தாடையின் தூதன் எயிறன் ஓடிவந்து சுவரில் முட்டினான். "அம்மா, திறங்க! ஊர் எரியுது!"

அவன் குரல் செங்கல் இடுக்கில் மெலிந்து கேட்டது. கோதையாழி பேரமைச்சர் சாந்தமூர்த்தியாரிடம் ஓடினாள்.

"ஐயா, தாடை எரிகிறது."

"செய்தி வந்ததா?"

"வரத்தான் வழியில்லையே, ஐயா. நாம்தானே அடைத்தோம்."

"வராத செய்தியை நம்பி அரசு நடத்த முடியாது, அம்மணி. இருந்தாலும் இது மக்களாட்சியை மதிக்கும் முடியாட்சி. குடிகளையே கேட்டுவிடுவோம்."

வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டது. கேள்வி ஒன்றுதான்: 'உங்களுக்கு வலிக்கிறதா?' பதில்கள் வழக்கம்போல் கோட்டைவாசல் வழியாகவே வர வேண்டும்.

எயிறன் தாடையின் பதில்களைச் சுமந்து வந்தான். கதவு கதவாகத் தட்டினான்; ஒன்றும் திறக்கவில்லை. பிறகு, தன் மக்களோடு இருப்பதே மேல் என்று எரியும் ஊருக்கே திரும்பிப் போனான்.

முடிவு வெளியானது. வலிக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அரசவை எழுந்து நின்றது. முதிய புலவர்கள் கண்கலங்கினார்கள். இப்படியொரு ஒருமித்த தீர்ப்பை எந்தத் தேசம் கண்டது!

வெற்றி முரசு முழங்க, கோதையாழி கடப்பாரை எடுத்து ஒரு வலிக் கதவை அடைத்திருந்த செங்கல்லை உடைத்தாள். அடைத்து வைத்தவர்கள்மேல் எந்தக் கோபமும் இல்லாததுபோல் கதவு மெல்லத் திறந்து, கேட்கத் தயாராக நின்றது.

"எயிறா!" என்று கூப்பிட்டாள்.

சாம்பல் வாசனை வந்தது. பதில் வரவில்லை.

அந்த ஆண்டின் மிக அமைதியான மாகாணத்துக்கான அரச விருது தாடைக்கு வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள யாரும் வராததை, அம்மக்களின் அடக்கம் என்று மன்னர் மனமுருகிப் பாராட்டினார்.