தட்டியும் எழாத புரோகிராம்

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் ஆசியுடன் எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள் தந்துவிட்டுப் போன குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம்தான் நலமில்லை. உங்கள் இருவரையும் விசாரித்ததாக உங்கள் மாமியார் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இந்த விடுமுறைக்கும் வருவது சந்தேகம்தான் என்று எங்கள் பாப்பா போனில் சொன்னாள். வேலையாக இருப்பவர்களை வா வா என்று நச்சரிக்கிற ஆள் நானில்லை, அது உங்களுக்கே தெரியும். இது சிஸ்டம் விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன்.

"பசங்க படிக்கறதுக்காகப் பண்ணினது மாமா, உள்ளே எல்லாம் திறந்தே கிடக்கும், புதுசா ஏதாவது சேர்த்துப் பாருங்க, பொழுது போகும்" என்றீர்கள். பொழுது போனது வாஸ்தவம். ஆனால் அதில் எந்தப் புரோகிராமுக்கும் தூங்கத் தெரியவில்லை. ஏதாவது வர வேண்டுமென்றால், வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே நிற்கின்றன. கம்ப்யூட்டர் சூடாகி உள்ளே இருக்கும் விசிறி இரைகிறது. ஆயுள் முழுக்க ரயிலில் படுக்கைப் பெட்டிக்கு அட்டெண்டராக இருந்தவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? தூக்கம் என்று ஒரு வசதி சேர்த்தேன். எதற்காகக் காத்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள், வந்ததும் தட்டி எழுப்புகிறேன், அவ்வளவுதான். இறங்கும் ஊரைச் சொல்லிவிட்டுப் பயணிகள் படுப்பார்களே, அதே முறை.

முதலில் அழகாக நடந்தது. பிற்பகலில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் படுத்தன, விசிறி அடங்கியது, திரைச்சீலை மெல்ல ஆடியது, கறுப்புத் திரையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது, அதைப் பார்த்தபடியே எனக்கும் கண் சொருகிவிட்டது. கனவில் ஒரு நீளமான பெட்டி, எல்லாம் நீல வெளிச்சம், புரோகிராம்கள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடக்கின்றன, நான் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்துகொண்டே இருக்கிறேன், பெட்டி முடியவே இல்லை. மேல் படுக்கையில் ஒரு சின்னப் புரோகிராம், பாப்பா சின்ன வயதில் தூங்குவாளே, அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு. இறங்கும் ஊரைக் கேட்க மறந்துவிட்டோமே என்று பதறி விழித்தால் எதிரே உங்கள் மாமியார். "அதுக்குத் தூங்கக் கத்துக்குடுக்கறேன்னு நீங்க நல்லாக் கத்துக்கிட்டீங்க" என்கிறாள்.

விழித்தது நான் மட்டும்தான் மாப்பிள்ளை. என்ன தட்டினாலும் சிஸ்டத்தில் ஒன்றும் எழவில்லை. என் ஊகம் இதுதான்: ஒருவன் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் விரிப்பை உதறிக்கொண்டிருக்கிறான், சரியாக அந்த நேரம் பார்த்து நான் தட்டிவிட்டுப் போய்விடுகிறேன். தூங்காதவனைத் தட்டி என்ன பிரயோஜனம்? அப்புறம் அவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறான், மறுபடி எழுப்ப யாரும் வரப்போவதில்லை. அவனுக்காகக் காத்திருப்பவர்களும் அவனோடு தூங்க வேண்டியதுதான். எந்த வரியில் தப்பு என்றுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. போனில் சொன்னால் "அனுப்பிடுங்க மாமா, இங்கேருந்தே பார்த்துடறேன்" என்பீர்கள். அங்கிருந்து பார்க்கிற தப்பு இல்லை இது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய தப்பு. நீங்கள் வந்தால் பாப்பா தனியாக அங்கே என்ன செய்வாள், அவளும் வரட்டும். அவள் அறையை ஒழித்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். அந்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் காற்று வேண்டுமே, அதற்காகத்தான்.

இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, தட்டினால் எழுந்து, குறையில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது மாமியார் எழுதறது. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டேன். அந்தத் தப்பை அவர் போன வாரமே கண்டுபிடிச்சுட்டார். ஒருத்தன் படுத்து முடிக்கற வரைக்கும் யாரும் தட்டக் கூடாதுன்னு ஏதோ ஒரு பூட்டு போட்டார், எல்லாம் ஒழுங்கா எழுந்துச்சு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. அன்னைக்கு சாயங்காலம்தான் வர்றது சந்தேகம்னு பாப்பா போன் பண்ணினா. மறுநாள் காலையில உட்கார்ந்து, போட்ட பூட்டை அவரே எடுத்துட்டார். உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. ரெண்டு பேரும் வாங்க. வந்து கண்டுபிடிங்க, சீக்கிரமா மட்டும் கண்டுபிடிச்சுடாதீங்க.