ரோமாபுரி அண்ணனின் நாலு தூண் காசு

தங்கம் தோண்டிய ஊரில் பிறந்து, தங்கத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், கறுத்துப்போன வெள்ளிக் காசுக்குப் பைத்தியமாக அலைந்த ஒரே மனிதர் ரோமாபுரிதான். மைசூர் மைன்ஸ் என்கிற பழைய சுரங்கத்துப் பக்கம் ஆணி, தாழ்ப்பாள், கயிறு விற்கும் கடை அவருடையது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் நாட்டு ஜமீன்தார்கள் அடித்த காசுகளை அவர் சேர்த்தார். ஏன் என்று கேட்டால் தொலைந்தோம்.

"ரோம்ல ஒரு கோயிலு தம்பி. நாலு தூணு, மேல முக்கோணக் கூரை. ரோம்காரன் அத்தக் காசுல போட்டான். அத்தப் பாத்து ஒரு ராஜா போட்டான். ராஜாவப் பாத்து ஜமீன்தாருங்க போட்டாங்க. ஒருத்தனும் கோயிலப் பாத்ததில்ல, காசப் பாத்துக் காசு! கடைசீல இன்னா ஆச்சு? தூணு குச்சியாச்சு, கூரை கோடாச்சு!"

இதைக் கேட்காமல் அவர் கடையில் ஒரு ஆணி வாங்க முடியாது. பூதக்கண்ணாடியை வேறு கையில் திணிப்பார். சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "ஷாஃப்ட் குழி மேல நிக்குமே இரும்புக் கோபுரம், அதானே?" என்றார். அதற்கப்புறம் அவருக்கு அந்தக் கடையில் ஆணி கிடைக்கவில்லை.

மூன்று தூண் காசு இருந்தது, இரண்டு தூண் இருந்தது, வெறும் கோடும் இருந்தது. நாலு தூணும் நிற்கிற காசுதான் இல்லை. "அது மட்டும் கைக்கு வந்துட்டா போதும்" என்று பெருமூச்சு விடுவார். "எனக்கு ஒரு மூக்குத்தி வாங்கணும்னு இப்படி ஏங்கினது உண்டா?" என்பார் அவர் மனைவி சரோஜா அக்கா.

நான் தினமும் ரயிலேறி பெங்களூரு வேலைக்குப் போகிறவன். அங்கே ஒரு பழங்காசு வியாபாரியிடம் அண்ணன் சொல்லி வைத்திருந்த காசை, ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான்தான் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். பூதக்கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் கலங்கியது. "நாலும் நிக்குது தம்பி!" பூஜையில் இருக்கட்டும் என்று தராசுத் தட்டில் வைத்துவிட்டு, பூசணிக்காயும் பொரியும் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தால், எடைக்கல், தட்டு, தட்டில் இருந்தது எல்லாவற்றையும் அக்கா புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். ஏற்கெனவே தேய்ந்த காசு. இப்போது பளபளத்தது. தூணும் இல்லை, கூரையும் இல்லை.

"அழுக்கா இருந்திச்சிங்க. பூஜையாச்சேன்னு நல்லா தேச்சேன்." அக்காவின் குரல் உடைந்தது. நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

அண்ணன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். "அத்தினி ஜமீன்தாருங்க சேந்து ஒவ்வொரு தூணா ஒடைச்சானுங்க. நீ ஒரே தேய்ப்புல முடிச்சிட்டியேமே!" அக்காவும் அழுதுகொண்டே சிரித்தார். அந்த மொட்டைக் காசை வரிசையின் கடைசியில் வைத்து, "இது எங்க வூட்டு அச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

போன வருஷம் அக்கா போய்விட்டார். மகன் வந்து அண்ணனை பெங்களூருக்கு அழைத்துப் போனான். காசுகளையெல்லாம் அந்த வியாபாரியிடமே கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் அண்ணன் வைத்துக்கொண்டார்.

வேலை முடிந்து எப்போதாவது போய்ப் பார்ப்பேன். அந்த ரோம் கதையெல்லாம் இப்போது இல்லை. அந்த மொட்டைக் காசை என் உள்ளங்கையில் வைத்து, "பாரு தம்பி" என்பார். அவ்வளவுதான். நானும் பார்ப்பேன்.

ரோமாபுரியில் இருந்த அந்தக் கோயிலை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. சரோஜா அக்காவைப் பார்த்திருக்கிறோம்.