பஸ்மியா வீட்டு நிம்மதி

"மூச்சை இழுங்க. நான் சொல்லுமட்டும் விடக்கூடாது!" என்றாள் பஸ்மியா.

கூடத்தில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கணவன் இஹ்ஸான், மகள் அப்ரா, கிண்ணியாவிலிருந்து இரண்டு நாள் தங்கிப்போக வந்து ஊரடங்கில் மாட்டிக்கொண்ட மதினி ஸாலிஹா.

அந்த நேரம் பார்த்துக் குசினியில் பால் பொங்கியது. பஸ்மியா ஓடினாள். அடுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது ஸாலிஹா கதிரையில் சரிந்து கிடந்தாள்.

"விடச் சொல்லாமப் போயிட்டீங்களே மதினி!" என்று முனகினாள்.

பஸ்மியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கொரோனா வந்ததிலிருந்து இஹ்ஸானுக்குத் துறைமுகத்தில் வேலையில்லை. பகலெல்லாம் செய்தி பார்த்தான். இரவெல்லாம் முகட்டைப் பார்த்தான். நோய் வருமுன்னே கவலை இந்த வீட்டைத் தின்றுவிடும் போலிருந்தது. அதற்கு விடுவதில்லை என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

மூச்சுப் பயிற்சி சரிவரவில்லையா, ஆவி பிடிப்போம். கொத்தமல்லியும் இஞ்சியும் கொதித்த பானையைச் சுற்றி மூவரையும் இருத்திப் போர்வையால் மூடினாள்.

"உம்மா, எனக்கு சூம் வகுப்பு இரிக்கி!"

"போனையும் உள்ளுக்க எடுங்க மகள். படிப்பும் கெடாது, ஆவியும் கிடைக்கும்."

ஆசிரியர் அப்ராவின் பெயரைக் கூப்பிட்டார். அவள் பதறிக் கையை உயர்த்தினாள். போன் பானைக்குள் விழுந்தது.

அழுத மகளைத் தேற்றவென்றே மறுநாள் முற்றத்தில் சிரிப்புப் பயிற்சி நடந்தது.

"சிரிப்பு வருதில்லையே," என்றான் இஹ்ஸான்.

"வராட்டியும் சிரிங்க. சத்தமா!"

சிரித்தார்கள். அடுத்த வீட்டுத் தங்கரத்தினம் அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஊரடங்கை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பையோடு சந்தைக்குப் புறப்பட்டார். அவரைக் கண்டு ஒழுங்கைச் சனமெல்லாம் புறப்பட்டது. சந்தியில் நின்ற பொலிஸார் எல்லோரையும் துரத்திவிட்டார்கள்.

மூச்சிரைக்கத் திரும்பிய தங்கரத்தினம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, இனிமேல் சிரிக்கிறதெண்டால் முதலே சொல்லுங்கோ."

அன்றுதான் பஸ்மியா களைத்துப்போனாள். இவ்வளவு பாடுபட்டும் ஒரு முகத்திலும் தெளிவில்லை. தானும் மனிசிதானே, கொஞ்சம் ஓய்ந்தால் என்ன? மத்தியானம் மீன்குழம்பை முகர்ந்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு மணம் தெரியுதில்ல."

அது முழுப் பொய். ஆனால் சொன்ன கையோடு தனியறை கிடைத்தது. வாசலுக்குச் சோறு வந்தது. யன்னலால் கடல்காற்று வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

விழித்தபோது முகக்கவசமும் அங்கியுமாகச் சுகாதாரப் பரிசோதகர் நௌபர் நின்றார். மூக்குக்குள் குச்சி விட்டு மாதிரி எடுத்தார். வாசல் படலையில், 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று நோட்டீஸ் ஒட்டினார். அதன்பிறகு மீன்காரன் அந்த வீட்டைக் கண்டால் சைக்கிளை இன்னும் வேகமாக மிதித்தான்.

பஸ்மியாவின் மனம் குத்தத் தொடங்கியது. கதவுக்கு வெளியே அவர்கள் குசுகுசுவென்று கதைப்பது கேட்டது. ஒருநாள் அப்ராவின் குரல் விம்முவது போலவும் இருந்தது.

'அழுகுதுகள். நான் இல்லாம அதுகள் என்ன பாடுபடுதுகளோ!'

இனிப் பொறுக்க ஏலாது. என்ன தண்டனை வந்தாலும் வரட்டும் என்று நௌபருக்குப் போன் எடுத்தாள்.

"சேர், எனக்கு ஒண்டுமில்ல. மணம் தெரியல்ல எண்டது பொய். வேணுமெண்டா என்னைப் பிடிச்சிட்டுப் போங்க. அந்த நோட்டீஸை மட்டும் கழட்டுங்க. என்ர வீட்டாக்கள் பாவம்!"

மறுமுனையில் நௌபர் செருமினார்.

"ராத்தா, ரிசல்ட் முந்தநாளே வந்திட்டு. நெகட்டிவ். அண்டைக்கே கழட்ட வந்தனான். உங்கட மாப்பிள்ளை இஹ்ஸான்தான் படலையடியில நிண்டு கெஞ்சினார்: 'இன்னும் ஒரு கிழமைக்கு ஒட்டியே இரிக்கட்டும் சேர், இப்பதான் வீட்டில எல்லாரும் மூச்சு விடுறம்!'"