அனுமதிக்கப்பட்ட ஈரப்பதம்

காத்துக்கு ஒடிந்து விழுந்த முருங்கைக் கொப்பை வீட்டுக்குள் இழுத்துப் போட்டு, கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். நாலு ஈர்க்கு உருவினால் இரண்டு வரி எழுதலாம். மழை விட்டபாடில்லை. தெருவில் ஒரு ஈ காக்காய் கிடையாது. எல்லாரும் எங்கன போயிருக்காக என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு அணை இருக்கிறது. பீத்திக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சித்திரை வரைக்கும் அது வெறும் கரைதான். கடமலைக்குண்டுக்கு மேற்கே, மலையிலிருந்து இறங்குகிற ஓடையை மறித்து, எங்க வீட்டுக்காரருடைய தாத்தா செம்மண்ணைக் கொட்டி, மாடு விட்டு மிதித்துப் போட்ட கரை. அதன் ஓரத்தில் மறுகால் உண்டு. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரைக்குச் சேதமில்லாமல் வழிந்து போகிற வாசல் அது. கரைக்குக் கீழே எங்கள் தென்னை, அதுக்குக் கீழே எங்கள் வீடு, அதுக்கும் கீழே எங்கள் தெரு.

வருசா வருசம் புரட்டாசியில் குடும்பத்தோடு கரை ஏறுவோம். எலி வளை, நண்டு வளையெல்லாம் களிமண் வைத்துக் குத்தி அடைப்போம். முளைத்த செடியை வேரோடு பிடுங்குவோம். மறுகாலில் கிடக்கிற கல்லையும் சருகையும் அள்ளிப் போடுவோம். அன்றைக்கு ராத்திரி கறிக்குழம்பு. இதுக்குப் பெயர் பராமரிப்பு என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

கெட்ட நேரம் செல்போன் வழியாக வந்தது. எங்க வீட்டுக்காரர், வீரபாண்டித் திருவிழாவில் வாங்கின கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரையில் நின்று, "எங்க சொந்த டேம், மக்களே!" என்று ஒரு ரீல்ஸ் போட்டாக. கம்பத்திலிருந்து கேரளா வரைக்கும் அதுக்கு இதயம் விழுந்தது. அடுத்த வாரம் ஜீப் வந்தது.

இறங்கியவர் இன்ஜினியர் மதன்குமார் சார். தலையில் வெள்ளை ஹெல்மெட். தலைக்கு மேலே வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை, இருந்தாலும் கழற்றவில்லை.

"டேம் ஓனர் யாரு?"

"டேமெல்லாம் இல்ல சார், கரை," என்றாக எங்க வீட்டுக்காரர்.

"வீடியோல டேம்னுதான சொன்னீங்க?"

"அது சும்மா ஒரு இதுக்குச் சொன்னது சார்."

"எதுக்குச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். இன்னையிலிருந்து இது தனியார் அணை. பாதுகாப்பு வளையத்துக்குள்ள வந்தாச்சு. தொழில்நுட்ப அனுமதி இல்லாம ஒரு புல்லைப் பிடுங்குனாலும் அணையைச் சேதப்படுத்துனதா ஆகும்."

என் மாமியார் சுப்புத்தாய்க்கு இது பிடிபடவில்லை. "அப்ப புரட்டாசியில நண்டு வளைய யாருய்யா அடைக்கிறது?"

"அதுக்குக் கமிட்டி வரும்மா."

"நண்டுக்கா?"

"வளைக்கு."

அன்றைக்கே கரையின் அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மண் நனைந்து, தண்ணீர் கலங்கலாக ஊறிக்கொண்டிருந்தது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரர் சாரைக் கூட்டிப்போய்க் காட்டினாக.

"சார், இங்கன கசியுது."

சார் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அணை கசியாது."

"கசியுதே சார்."

"கசிஞ்சா அது பாதுகாப்பில்லாத அணை. பாதுகாப்பில்லாத அணை என் எல்லையில ஒண்ணுகூட கிடையாதுன்னு போன மாசமே மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. ஆகவே இது கசிவா இருக்க வாய்ப்பில்ல."

"அப்ப இது என்ன சார்?"

சார் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். "அனுமதிக்கப்பட்ட ஈரப்பதம்."

அத்தை என் காதுக்குள், "ஏத்தா, உம் பிள்ளை பாயில ஒண்ணுக்கு இருந்தா இனி நாமளும் அப்படியே சொல்லிக்கிருவோம்," என்றாக.

அதுக்குப் பிறகு பாதுகாப்பு மளமளவென்று நடந்தது. முதலில் பசுமைப் பாதுகாப்பு. காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி, கரை நெடுக ஆலங்கன்று, புங்கங்கன்று நட்டார்கள். ஒரு கன்றுக்கு எட்டுப் பேர் பிடித்து நின்று போட்டோ எடுத்தார்கள்.

"வேரு கரையப் பொளந்துருமேய்யா," என்றாக அத்தை.

"வேர் மண்ணைப் பிடிச்சுக்கும்மா."

"பிடிச்சுக்கிட்டு எங்கன கூட்டிட்டுப் போகும்?"

சார் மறுகால் பக்கம் திரும்பினார். "இது என்ன, இவ்வளவு பெரிய ஓட்டை?"

"மறுகால் சார். நெறஞ்சா தண்ணி இது வழியா வெளிய போயிரும்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு சொட்டு நீரும் வீணாகக் கூடாதுன்னு நாடே பேசுது, நீங்க வாசல் வச்சா வெளிய அனுப்புறீக?"

எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்கும் ஒட்டிவிட்டது என்று எங்களுக்குக் கொஞ்சம் சந்தோசம். அதுக்குள் மறுகாலை மறித்துக் காங்கிரீட் சுவர் எழும்பி, அதன் மேல் ஆள் உயரச் சிவப்பு எழுத்துகள் நின்றுவிட்டன: என் அணை என் பெருமை. ராத்திரியில் எரிகிற மாதிரி உள்ளே விளக்கும் உண்டு. இதுக்குப் பெயர் செல்ஃபி பாயிண்ட்.

"மிச்சத் தண்ணி எங்கனய்யா போகும்?" அத்தை விடவில்லை.

"சேமிக்கப்படும்."

"எங்கன?"

"இங்கனயேதான்."

ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம் அள்ளியது. கல்யாணத்துக்கு முன்னாலேயே கல்யாண போட்டோ எடுக்கிற சோடிகள் தேனியிலிருந்து கார் போட்டு வந்தார்கள். எங்க வீட்டுக்காரர் தென்னந்தோப்பில் கயிறு கட்டி கார் நிறுத்த இடம் விட்டாக. என் ஓரகத்தி, அதாவது எங்க வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி பவானி, பஜ்ஜிக் கடை போட்டாள். மாவு கரைத்துக் கொடுத்தது நான்தான், சும்மா சொல்லக் கூடாது. கடையை எங்கே போட்டாள் என்றால், அந்த ஈரப்பதத்துக்குப் பக்கத்தில். டம்ளர் கழுவத் தண்ணீர் வசதி.

தட்டு அகலம் இருந்தது அண்டா அகலம் ஆனது. சார் வந்து பார்த்து, மகிழ்ந்து, அதில் ஒரு பைப்பைச் சொருகி, குழாய் மாட்டி, ரிப்பன் வெட்டித் திறந்தார். பொதுமக்களுக்கான கைகழுவும் வசதி. போகும்போது, "குழாயை இறுக்கி மூடி வைங்க, பாதுகாப்பு முக்கியம்," என்று சொல்லிவிட்டுப் போனார். மூடினோம். தண்ணீர் குழாய்க்குப் பக்கத்தில் வந்தது.

"தண்ணி செம்மண்ணாட்டம் வருதுக்கா," என்று நான் பவானியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"வாய மூடு மாரீஸ்வரி. நீ இப்படிப் பேசுறது யாரு காதுலயாச்சும் விழுந்தா, வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு பய வரமாட்டான்."

தெருவில் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. இளநீர்க்காரருக்கு, பலூன்காரருக்கு, திராட்சை ஜூஸ்காரருக்கு, எல்லாருக்கும். புரட்டாசி வந்தது. கமிட்டி வரவில்லை. கறிக்குழம்பு மட்டும் வைத்தோம்.

இப்போது கார்த்திகை. ராத்திரியெல்லாம் ஊற்றி, விடியும்போது தண்ணீர் எழுத்துகளின் காலைத் தொட்டுவிட்டது. குழாய் பிய்த்துக்கொண்டு போய், தொடைத் தண்டிக்குச் சிவப்பாகப் பீச்சியது. எங்க வீட்டுக்காரர் சாருக்குப் போன் போட்டாக. எனக்கும் கேட்டது.

"பதறாதீங்க விஜய்பாண்டி. அணை உடைப்பு ஒத்திகை வர்ற வியாழக்கிழமைதான். அதுக்கு முன்னாடி உடைஞ்சா ஒத்திகை இல்லாம உடைஞ்சதா ஆயிரும், ரெண்டு பேருக்கும் சிக்கல்."

அத்தை கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கரை ஏறினாக. "அந்தச் சொவத்த ஒரு எழுத்தோட சேத்துப் பேத்து விடுங்கடா, தண்ணி போயிரும்!"

தெருவே ஓடி வந்து எழுத்துகளுக்கு முன்னால் கை கோத்து நின்றது.

"அத்தை, கண்ட மாதிரி பேக்காதீக," என்றாள் பவானி. "பெருமை போயி வெறும் 'என் அணை'ன்னு நின்னா, போட்டோ எடுக்க எவ வருவா?"

"அனுமதி இல்லாமக் கடப்பாரை படக்கூடாதும்மா," என்றாக எங்க வீட்டுக்காரர், பெத்த தாயிடம்.

"அப்பப் பெருமையாச் சாகுங்க," என்று கடப்பாரையைப் போட்டுவிட்டு, ஆட்டை அவிழ்த்துக்கொண்டு அத்தை பாறை மேட்டுக்குப் போய்விட்டாக. போகும்போது என்னையும் வரச் சொன்னாக. எங்க வீட்டுக்காரர், மேலிருந்து தகவல் வரும்வரை அசையாதே என்றாக. அதனால்தான் பிள்ளையைத் தூங்கப்போட்டுவிட்டுக் கீரை உருவுகிறேன். அனுமதிக்குக் காத்திருக்கிற பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

தகவல் வந்துவிட்டது. தாழ்வான பகுதி மக்களை உடனே அருகில் உள்ள மேட்டுப் பகுதிக்கு மாற்ற வேண்டுமாம். சார் மைக்கோடு வந்து நாலாபக்கமும் பார்த்தார். பாறை மேடு அவர் எல்லையில் வராது, அது வனத்துறை. அவர் எல்லைக்குள் தெருவைவிட உயரமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆகவே தெரு முழுக்க, கிழடு கட்டை, கைப்பிள்ளை, கோழிக் கூடையோடு, இப்போது கரை மேல் நிற்கிறது. குடை பிடித்திருக்காக. பவானி டீ ஊற்றுகிறாள். சில பேர் தண்ணீர் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுக்காக. பிள்ளை முழிக்கட்டும் என்று நான் மட்டும் இன்னும் வீட்டில்.

மைக் இங்கே வரைக்கும் கேட்கிறது. "மக்கள் அனைவரும் பாதுகாப்பாக மாற்றப்பட்டு விட்டனர். ஒரு தாயும் சேயும் மட்டும் பாக்கி. சுப்புத்தாய் என்பவர் காணாமல் போனவராக அறிவிக்கப்படுகிறார்." அத்தை பாறை மேல் நிற்பது என் வாசலிலிருந்தே தெரிகிறது. காணாமல் போனவுக அங்கிருந்து கையை ஆட்டி ஆட்டி ஆட்டையும் சேர்த்து வைகிறாக.

"ஏ மாரீஸ்வரி!" இது எங்க வீட்டுக்காரர். "உன் ஒருத்தியாலதான் நூறு சதவீதம் ஆகாம நிக்குது! திரிஷாவத் தூக்கிட்டு மேல ஏறி வா, சார் போட்டோ எடுக்கணுமாம்!"

"ஏத்தா, மாரீசு!" இது பாறையிலிருந்து. "கீரையும் வேணாம் மண்ணும் வேணாம், இங்கிட்டு ஓடியா!"

பிள்ளை முழித்துவிட்டாள், தோளில் போட்டுக்கொண்டேன். கரைக்குப் போனால் நான் பாதுகாக்கப்பட்டவள், பாறைக்குப் போனால் காணாமல் போனவள். இந்தா வாரேன் அத்தை, கத்தாதீக, எனக்கென்னமோ இன்னைக்கு உங்களோட சேந்து காணாமப் போயிறதுதான் நல்லதுன்னு தோ—