நிலாவும் உதடும் எட்டு மணியும்

எமோஜியை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்கிறார்கள். இருக்கட்டும். அதற்கு உருப்படியான வேலை கொடுத்த முதல் ஆள், பெரம்பலூரில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் பொம்மையக்காதான். எந்த நாட்டுக்காரர் சண்டைக்கு வந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்போது நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரே என்னிடம் டைப்படிக்கப் பழகியது. பொம்மையக்கா மட்டும் முடியாது என்றுவிட்டார். எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். போனில் எழுதத்தான் பொறுமை கிடையாது. "கொம்பு எங்க, காலு எங்கன்னு தேடுறதுக்குள்ள சாம்பார் அடிப்புடிச்சிரும்டி" என்பார். கொஞ்ச நாள் குரல் பதிவு அனுப்பிப் பார்த்தார். அதில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. கடைசியில் எமோஜியைப் பிடித்துக்கொண்டார். காலை பதினோரு மணியானால், ராத்திரி டிபன் என்னவென்று எங்கள் ஒவ்வொருவர் போனுக்கும் பொம்மை பொம்மையாக வந்துவிடும்.

அதில் ஒரு பெரிய சிக்கல். எமோஜியில் இட்லி கிடையாது.

"சோத்துருண்டை வெச்சிருக்கான். சுழி போட்ட மீன் கேக்கு வெச்சிருக்கான். இட்லிய விட்டுட்டானே பாவி! அவனுக்கு ஒரு லெட்டர் எழுதுடி."

"அக்கா, அது ஜப்பான் செல்போன் கம்பெனிக்காரங்க அவங்க ஊருக்காக ஆரம்பிச்சது. அவங்க பாஷையில எமோஜின்னாலே பட எழுத்துன்னுதான் அர்த்தம். இப்ப புதுசா ஒரு படம் சேக்கணும்னா வெளிநாட்டுல ஒரு குழு இருக்கு. அதுக்கு மனு போடணும்."

"ரேஷன் கார்டுல பேரு சேக்குற மாதிரியா? அப்ப நம்ம காலத்துல நடக்காது."

அக்கா மனுவுக்குக் காத்திருக்கவில்லை. மேகம் இட்லியானது. மழை பெய்யும் மேகம் சாம்பார் இட்லி. ஐப்பசி மாதத்தில் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி இதைப் புயல் எச்சரிக்கை என்று நினைத்து, ரூமை விட்டு இறங்காமல் பிஸ்கட் தின்று படுத்துவிட்டாள். முழு நிலா என்றால் தோசை. அரை நிலா என்றால் மாவு குறைவு, ஆளுக்கு ஒன்றுதான். சிவந்த உதடு காரச் சட்னி. "தின்னா உதடு அப்படித்தானே ஆவுது?" என்பது அக்காவின் விளக்கம். கூப்பிய கைகள் உப்புமா, அதாவது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விவரம் தெரியாத ஒருத்தி, அக்கா வணக்கம் சொல்கிறார் என்று எண்ணி மரியாதையாகப் பதில் வணக்கம் போட்டாள். அக்கா அதை ஆர்டராக எடுத்துக்கொண்டு, இரண்டு தட்டு உப்புமா வைத்து, அவள் முழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

நாங்களும் படத்திலேயே பதில் சொல்லவேண்டும். சாப்பிட வருவதாக இருந்தால் ஓடுகிற பெண். வரவில்லை என்றால் தூங்குகிற முகம்.

அக்காவின் நிஜப் பெயர் செல்லம். என் போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். அதில் இருந்த ஆபத்து எனக்கு உறைக்கவில்லை.

அரியலூரிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலையில் வேலை; அப்பா ரிட்டயர்டு சர்வேயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயங்கொண்டம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பூ வைக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, போட்டோ எடுக்க என் போனை வாங்கினார். சரியாக மணி பதினொன்று.

செல்லத்திடமிருந்து செய்தி வந்தது. முழு நிலா, உதடு, எட்டு மணி காட்டும் கடிகாரம்.

"ஏம்மா, யாரு இந்த செல்லம்?"

"எங்க மெஸ் அக்காங்க. அது... தோசை."

"தோசைக்கு எதுக்கும்மா முத்தம்?" என்றார் வருங்கால மாமனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அக்கா பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்துவிட்டார். முந்தின வாரம் முழுக்க நிலா, உதடு, எட்டு மணி. ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதிலாக, தலைமுடி பறக்க ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது ஓடிப் போறதுக்கே ரெடியா இருக்குப்பா!"

மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். பூ தட்டிலேயே கிடந்தது. அம்மா என்னிடம் மூன்று தடவை, "நெசமாவே தோசைதானாடி?" என்று கேட்டார். அதுதான் எனக்கு ரொம்பவும் வலித்தது. பெற்ற அம்மாவுக்கே சந்தேகம் வந்த பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் மெஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். அக்கா கரண்டியை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். சொந்தத் தம்பி கல்யாணத்தன்றுகூட மெஸ்ஸைத் திறந்து வைத்திருந்த மனுஷி, செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரை இழுத்துவிட்டார். ஒரு தூக்கில் மாவு, ஒன்றில் சட்னி, துணியில் சுற்றிய தோசைக்கல். "வேத்தாளு கல்லுல எனக்கு தோசை எழும்பாது. வாய மூடிக்கிட்டு என்கூட வா" என்று அரியலூர் பஸ்ஸில் என்னை ஏற்றினார்.

மாமனார்தான் கதவைத் திறந்தார். "நான்தாங்க செல்லம்" என்றார் அக்கா. மாமனார் ஐம்பது வயதுப் பெண்மணியையும் தோசைக்கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆதார் கார்டு இந்தா இருக்கு. எங்கப்பன் வெச்ச பேருக்கு இந்தப் புள்ள என்னங்க செய்யும்? அடுப்பு எங்க இருக்கு?"

பத்து நிமிஷத்தில் மாமனார் முன்னால் ஒரு தோசை விழுந்தது. "இது நிலா."

சர்வேயர் தட்டைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். "வட்டம் சரியாத்தான் இருக்கு" என்று தன்னையறியாமல் சொன்னார்.

அக்கா சட்னியை ஊற்றினார். "தின்னுட்டுக் கண்ணாடியில உதட்டப் பாருங்க."

தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. உதடு பழுத்த மிளகாயாகிவிட்டது. கண்ணாடி பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. தட்டை மறுபடி நீட்டினார்.

மாப்பிள்ளையின் அக்கா மட்டும் மசியவில்லை. "அப்ப அந்த ஓடுற பொம்பள?"

"எட்டு மணி தாண்டுனா சட்னி தீந்துரும். ஓடித்தாங்க வரணும்!"

நாலாவது தோசையில் மாமனார், "இந்தச் சட்னி அரைக்க இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதா என்று அக்காவைப் பார்த்தேன்.

"அதுக்கு சுடுதண்ணி வெக்கவே தெரியாதுங்க. ஆனா டைப்படிச்சா மழ பேயுற மாதிரி இருக்கும்."

உள்ளே ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, கைலியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். அவர் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் இதுதான்: "எனக்கும் ஒண்ணு ஊத்துங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூ வைத்தார்கள். தையில் கல்யாணம் நடந்தது.

தோசை சுட்ட அன்றைக்கு அரியலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் காலித் தூக்கை மடியில் வைத்தபடி தூங்கிப்போனார். சித்தளி தாண்டியதும் தலை என் தோளில் சாய்ந்தது. பெரம்பலூர் வரும்வரை நான் அசையவே இல்லை.